சுங்கை சிப்புட்டில் மூன்று கொலை: தண்டம் கட்டியது யார்?



சுங்கை சிப்புட் என்றால் நம்ம ஆளுங்களுக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது துன் சம்பந்தன். அடுத்து மகாத்மா காந்தி கலாசாலை. ஆனால் அந்தச் சின்ன ஊர் பேர் லண்டன் வரைக்கும் போனது வேறு ஒரு காரியத்தால். ஒரே காலையில் நடந்த மூன்று கொலை. 75 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கொல்லச் சொன்னது யார் என்ற கேள்விக்கு இன்றைக்கும் இரண்டு பதில் இருக்கிறது. ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு பதில்.

இதை ஏன் கோயில் பக்கத்தில் எழுதுகிறோம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, கீழே சொல்கிறோம். பதிவு கொஞ்சம் நீளம். பசியாறிவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

1948 ஜூன் 16, புதன்கிழமை. காலை 8.30 மணி இருக்கும். பெரட்டு முடிந்து நம்ம ஆளுங்க நிரையில் பால் வெட்டிக்கொண்டிருக்கும் நேரம். எல்பில் தோட்டத்து ஆபீசுக்கு மூன்று சீன வாலிபர்கள் சைக்கிளில் வந்தார்கள். உள்ளே பெரிய துரை ஆர்தர் வாக்கர், வயது 50. வந்தவர்கள் "தாபேக் துவான்" என்று மரியாதையாகச் சலாம் சொன்னார்கள். அவரும் பதில் சலாம் சொன்னார். அடுத்த நிமிஷம் வெடிச்சத்தம். பக்கத்தில் வேலையாக இருந்த இந்தியக் கிராணி காதில் விழுந்தது இவ்வளவுதான். வந்தவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அரை மணி நேரம் கழித்து, சில மைல் தள்ளி இன்னொரு தோட்டம். பின் சூன் தோட்டம் என்று புத்தகங்களில் எழுதியிருக்கிறது. அங்கே வந்தது பெரிய கும்பல், பத்துப் பன்னிரண்டு பேர். நிர்வாகி ஜான் எலிசன், வயது 55. சின்ன துரை இயன் கிறிஸ்டியன், வயது 21. இரண்டு பேரையும் கட்டிப்போட்டுச் சுட்டுவிட்டார்கள்.

அன்றைக்கே பேராக்கிலும் ஜொகூரிலும் சில வட்டாரங்களில் அவசரகாலம் போட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும். அடுத்த மாதம் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தார்கள். அவசரகாலம் முடிந்ததாக அறிவித்தது 1960 ஜூலை 31. நம்ம பாட்டன் பாட்டி "கம்னிஸ்ட் காலம்" என்று சொன்ன அந்தப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட இடம், ஈப்போவிலிருந்து காடியில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய இந்தச் சுங்கை சிப்புட்தான்.

சரி, சொல்லி அனுப்பியது யார்?

பிரிட்டிஷ் அரசாங்கம் சொன்ன பதில்: கம்யூனிஸ்ட் கட்சி மேலிடம் திட்டம் போட்டு ஆள் அனுப்பிச் செய்த கொலை, நாட்டைப் பிடிக்கும் போராட்டத்தின் முதல் வெடி. கட்சித் தலைவர் சின் பெங் சொன்ன பதில் வேறு. அவரும் நம்ம பேராக்காரர், சித்தியவானில் பிறந்தவர். 2003-இல் வந்த அவருடைய புத்தகத்தில், மேலிடம் அப்படி உத்தரவு போடவில்லை, அந்த வட்டாரத்து ஆட்கள் தாங்களாகவே செய்தது என்கிறார். 2013-இல் பேங்காக்கில் அவரும் காலமாகிவிட்டார். சுட்ட அந்த மூன்று பேர்? நாங்கள் படித்தவற்றில் "மூன்று சீன வாலிபர்கள்" என்பதோடு சரி. செத்தவர் பேரும் வயதும் இருக்கிறது. கொன்றவன் பேர் இல்லை.

அந்த வருஷத்துச் சூழ்நிலையையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. ஜப்பான்காரன் போனபிறகு தோட்டத்தில் கூலி பற்றாது, அரிசி பற்றாது. எங்கே பார்த்தாலும் ஸ்டிரைக். 1947-இல் கெடாவில் பீடோங் பக்கம் நம்ம வாலிபர்கள் தொண்டர் படை என்று பேர் வைத்து, கள்ளுக்கடை வேண்டாம் என்று நின்றார்கள். போலீசோடு மோதல் ஆனது. 1948 ஜூன் முதல் வாரத்தில் சிகாமாட் பக்கம் ஒரு தோட்டத்தில் போலீஸ் அடித்ததில் தொழிலாளிகள் ஏழு பேர் செத்தார்கள். சுங்கை சிப்புட் சம்பவத்துக்குச் சில நாள் முன்னால்தான் அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பதிவை ரத்து செய்திருந்தார்கள். இதையெல்லாம் சொல்வதால் கொலை சரியென்று ஆகிவிடாது. 21 வயசுப் பையனைக் கட்டிப்போட்டுச் சுடுவதற்கு எந்தக் கூலிக் கணக்கும் சமாதானம் ஆகாது. ஆனால் ஊர் அமைதியாக இருந்த நாளில் திடீரென்று வந்து விழுந்த இடி இல்லை அது.

இப்போது நாங்கள் சொல்ல வந்த விஷயம்.

எங்களில் சிலர் பேக்டரியில் சூப்பர்வைசர் வேலை பார்க்கிறோம். அங்கே ஒரு நடைமுறை உண்டு. ஸ்டோரில் ஒரு பொருள் காணாமல் போகும். எடுத்தவன் யார் என்று தெரியாது. அன்றைக்கே கேட்டில் எல்லார் பையையும் திறந்து காட்டச் சொல்வார்கள். ஒரு மாதம் ஆகும், ஒரு வருஷம் ஆகும், எடுத்தவனைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள். ஆனால் பையைத் திறந்து காட்டுவது மட்டும் நிற்காது. புதிதாக வேலைக்கு வந்த பையனுக்கு எதற்குத் திறக்கிறோம் என்றே தெரியாது, ஆனாலும் திறப்பான். சுங்கை சிப்புட் கேஸ் அப்படித்தான் ஆனது. சுட்டது ஒருத்தன். தண்டம் கட்டியது நாடு முழுக்க லயத்தில் குடியிருந்தவன், கம்பத்தில் குடியிருந்தவன், காட்டோரம் காய்கறி போட்ட சீனன்.

உங்கள் பர்சில் இருக்கும் ஐ.சி. எங்கேயிருந்து வந்தது தெரியுமா? அவசரகாலத்தில்தான் 12 வயசுக்கு மேற்பட்ட எல்லாரையும் நிற்கவைத்துப் போட்டோ பிடித்து, பெருவிரல் ரேகை எடுத்து அடையாளக் கார்டு கொடுத்தார்கள். காட்டில் இருக்கிறவனையும் ஊரில் இருக்கிறவனையும் பிரித்துப் பார்க்க வந்த கார்டு அது.

1950-க்குப் பிறகு பிரிக்ஸ் திட்டம். காட்டோரம் இருந்த சீனர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைப் புதுக்கிராமங்களுக்கு ஏற்றினார்கள். தோட்டத்தில் நம்ம லயங்களையும் விடவில்லை. தள்ளித் தள்ளி இருந்த வீடுகளை ஆபீஸ் பக்கம் ஒன்றாகக் கூட்டிவைத்துச் சுற்றிலும் முள்ளுக்கம்பி அடித்தார்கள். கேட்டில் எஸ்.சி. காவல். பொழுது சாய்ந்தால் வெளியே போகக்கூடாது. அரிசிக்கு ரேஷன். சாப்பாட்டுக் கெடுபிடி இருந்த வட்டாரங்களில் பால் வெட்டப் போகிறவர்கள் கையில் சோறு கொண்டுபோகக் கூடாது, காட்டுக்காரனுக்குக் கொடுத்துவிடுவார்களாம். கடையில் டின் சாமான் வாங்கினால் கடைக்காரன் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், ஒளித்துவைக்க முடியாதபடி. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, வெறும் வயிற்றோடு மத்தியானம் வரைக்கும் பால் வெட்டிய பெண்பிள்ளைகள் என்ன கொலை செய்தார்கள்?

இன்னொரு பக்கம் காட்டிலிருந்து வருகிறவன். அரிசி கொடு, சந்தா கொடு என்பான். கொடுக்காவிட்டால் மரத்துப் பட்டையைச் சீவிப்போட்டு வயிற்றில் அடிப்பான். துரைக்கு வேண்டியவன் என்று சந்தேகம் வந்தால் கங்காணியையும் கிராணியையும் ராத்திரியில் கூட்டிக்கொண்டு போவான். பகலில் பட்டாளம் கேட்கும், ராத்திரியில் காடு கேட்கும். இரண்டு பேருக்கும் பதில் சொல்லவேண்டியவன் லயத்துக்காரன்.

அந்தச் சட்டங்கள் போன தூரத்தையும் பாருங்கள். சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ். ஏ. கணபதி, தஞ்சாவூர் மண்ணிலிருந்து வந்த தமிழர். அவருக்கும் எல்பில் தோட்டத்து ஆபீசுக்கும் சம்பந்தம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. அவசரகாலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. அந்தக் குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் அவரைத் தூக்கில் போட்டார்கள். இந்தியாவிலிருந்து நேரு அரசாங்கம் கேட்டும் நடக்கவில்லை. அதற்கு முதல் நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

அவசரகாலம் 1960-இல் முடிந்தது, ஆனால் விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கும் அதிகாரம் முடியவில்லை. அதே வருஷம் இசா சட்டம் என்று வேறு பேரில் வந்தது. 2007 டிசம்பரில் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐந்து பேரைக் கமுந்திங்கில் கொண்டுபோய் வைத்தது இந்தச் சட்டத்தில்தான். அதை ரத்து செய்தது 2012-இல். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1948-இல் வெடித்த துப்பாக்கியின் எதிரொலி 64 வருஷம் கேட்டிருக்கிறது.

பத்தாங் காலியையும் சொல்லவேண்டும். 1948 டிசம்பரில் சிலாங்கூரில் அந்த ரப்பர் தோட்டத்தில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் பட்டாளம் கையில் ஆயுதம் இல்லாத சீனத் தொழிலாளிகள் 24 பேரைச் சுட்டுக் கொன்றது. ஓடப் பார்த்தார்கள், அதனால் சுட்டோம் என்றார்கள். 1970 வாக்கில் லண்டன் போலீஸ் விசாரிக்க ஆரம்பித்தது, அங்கே அரசாங்கம் மாறியதும் அதை மூடிவிட்டார்கள். செத்தவர்களின் பிள்ளைகள் கோர்ட் கோர்ட்டாக ஏறி, கடைசியில் 2015-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். விசாரணைக் கமிஷன் வைக்கவேண்டிய கட்டாயம் அரசாங்கத்துக்கு இல்லை என்று தீர்ப்பு. அந்த 24 பேருக்காக ஒரு சிப்பாய்கூட கோர்ட்டில் நின்றதில்லை. காட்டுக்காரன் செய்ததுக்கும் கணக்குச் சரியாக முடியவில்லை, பட்டாளம் செய்ததுக்கும் முடியவில்லை.

நம்ம பத்து காஜாவில் "காட்ஸ் லிட்டில் ஏக்கர்" என்று ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் செத்த மூன்று துரைமாரும் அங்கேதான் அடக்கம். அவசரகாலத்தில் செத்த இன்னும் பல தோட்டக்காரர், ஈயலம்பக்காரர், போலீஸ், சிப்பாய்களும் அங்கே இருக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதம் மலர்வளையம் வைத்து மரியாதை செய்கிறார்கள். எங்கள் குழுவில் நாலைந்து பேர் ஒரு தடவை போய் ஓரமாக நின்று பார்த்தோம். புல் வெட்டி, கல் துடைத்து, பேர் தெளிவாகப் படிக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். பொறாமை இல்லை, உண்மையாகவே மனசுக்கு நிறைவாக இருந்தது. செத்தவனை அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பி வரும்போது வேனில் ஒருவரும் பேசவில்லை. எல்லார் மனசிலும் ஒரே யோசனை. நம்ம தோட்டத்துச் சுடுகாடுகள் எங்கே? ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டாயிற்று. சில இடத்தில் தோட்டத்தையே துண்டு போட்டு விற்று வீடமைப்பு வந்துவிட்டது. மாரியம்மன் கோயிலையாவது சண்டை போட்டு இடம் மாற்றிக் கும்பிடுகிறோம். சுடுகாட்டுக்கு யார் சண்டை போட்டது? அங்கே கல்லும் இல்லை, பேரும் இல்லை.

அதனால்தான் இந்த ஆடி அமாவாசைக்கு மோட்ச தீபம் ஏற்றும்போது கம்னிஸ்ட் காலத்தில் செத்தவர்கள் பேரைச் சொல்லி ஏற்றலாம் என்று கூட்டத்தில் பேச்சு எடுத்தோம். நோட்டில் முதலில் எழுதியது வாக்கர், எலிசன், கிறிஸ்டியன் என்ற மூன்று பேர். எழுத்தில் கிடைத்த பேர் அதுதான்.

உடனே எதிர்ப்பு வந்தது. எண்பது தாண்டிய ஐயா ஒருவர், கோயில் ஆரம்பித்த நாளிலிருந்து கூட இருப்பவர், எழுந்துவிட்டார்.

"துரைமாருக்கு நம்ம கோயில்ல விளக்கா? துரை காடி சடக்குல வந்தா எங்கப்பா சைக்கிள விட்டு எறங்கி ஓரமா நிக்கணும். எறங்கலன்னா மறுநாள் வேல இல்ல. அந்த ஆளுங்களுக்கு நான் எண்ணெ ஊத்தணுமா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர்ப் பந்தல் வேலை பார்க்கும் தம்பி ஒருத்தன் சொன்னான்:

"ஐயா, கடைசி ஆளுக்கு 21 வயசுன்னு போட்டிருக்கு. எனக்கும் 21தான்."

அதற்கும் ஐயா அசையவில்லை. "ஒனக்கு எரக்கம் வருது, எனக்கு எங்கப்பா மொகம் வருது" என்றார்.

அப்போதுதான் மடைப்பள்ளியில் இருக்கும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அதிகம் பேசாதவர்.

"துரை பேர எழுதுங்க, எழுதாம போங்க. எங்க பாட்டியோட அண்ணன் பேர எழுதுவீங்களா? தோட்டத்துல கங்காணி. ஒரு ராத்திரி வந்து கூப்பிட்டாங்க, சட்டையப் போட்டுக்கிட்டுப் போனாரு, திரும்பி வரல. கொன்னது காட்டுக்காரனா பட்டாளமான்னு தெரியாது. பொணமும் இல்ல. செத்த நாள் தெரியாததால திதியும் இல்ல. பாட்டி சாகுற வரைக்கும் பொட்டு வெச்ச அண்ணிய வீட்டுல வெச்சுக்கிட்டு, தாலிய எடுக்கவா வேணாமான்னு தெரியாம இருந்தாங்க."

கூட்டத்தில் சத்தம் இல்லை. ஐயா மெதுவாக உட்கார்ந்தார். பிறகு அவரே கேட்டார், "அந்தக் கங்காணி பேர் என்னம்மா?"

அக்கா சொன்ன பேரை நோட்டில் நாலாவதாக எழுதினோம். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தராக வாய் திறந்தார்கள். அப்பாவின் சித்தப்பா. பக்கத்து லயத்துக் கிராணி. சீனக் கடை முதலாளி. எஸ்.சி. வேலை பார்த்த மலாய்க்காரப் பையன். அன்றைக்கு ராத்திரியே பதினொரு பேர் சேர்ந்துவிட்டது. அதில் ஏழு பேரைக் கொன்றது யார் என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சுங்கை சிப்புட் கேஸ் ஒன்றுதான் முடியாத கேஸ் என்று நினைத்திருந்தோம். ஒவ்வொரு லயத்திலும் ஒரு கேஸ் இருந்திருக்கிறது.

ஐயா துரைமார் பேரை அடிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: "அவங்க பேரு மொதல்ல வரக்கூடாது. செத்த வருஷப்படி வரட்டும். வருஷம் தெரியாதவங்க எல்லாருக்கும் முன்னால வரட்டும்." எல்லாரும் ஒத்துக்கொண்டோம்.

அவசரகாலத்தில் பொதுமக்கள் ஏறக்குறைய 2,500 பேர் செத்தார்கள் என்று கணக்கு. 800-க்கு மேல் காணாமல் போனவர்கள். காட்டில் செத்த கம்யூனிஸ்டுகள் 6,700-க்கு மேல். போலீசும் பட்டாளமும் சேர்ந்து 1,800-க்கு மேல். அந்தக் காணாமல் போன 800 பேருக்குப் பேர் இல்லாத ஒரு விளக்கு வைக்கிறோம். சுட்டவனுக்கும் அதுதான் விளக்கா என்று ஒருவர் கேட்டார். நாங்கள் அதற்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள், அவர்கள் சொல்லாமலே போய்விட்டார்கள். கோயிலில் எங்கள் வேலை எண்ணெய் ஊற்றுவது.

இதில் ஒரு லாபமும் வராது, எங்களுக்குத் தெரியும். விளக்கு ஏற்றினால் கொலையாளி கிடைக்கப்போவதில்லை. ஆனால் கொன்றவன் பேர் தெரியவில்லை என்பதற்காகச் செத்தவன் பேரையும் மறந்துவிட்டால், அது இரண்டாவது கொலை. அதைச் செய்வது நாமாக இருக்கக் கூடாது.

ஆகவே உறவுகளே, ஒரு வேண்டுகோள்.

உங்கள் வீட்டில் 80 வயதுக்கு மேற்பட்டவர் யாராவது இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், யாரைச் சுட்டார்கள். கேட்கும்போது போனை அணைத்துவிடுங்கள். அவர்கள் அழுதால் நிறுத்திவிடுங்கள், இன்னொரு நாள் கேட்கலாம். முழுப் பேர் தெரியாவிட்டால் கூப்பிட்ட பேர் போதும். "பெரிய லயத்து ராமன் மாமா" என்றாலும் எழுதிக்கொள்வோம். சீனர், மலாய்க்காரர், ஒராங் அஸ்லி என்று பார்க்க மாட்டோம். காசு வேண்டாம். எண்ணெய் கோயில் கொடுக்கும்.

திதி தெரியாதவர்களுக்கு அமாவாசைதான் நாள் என்று பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள். ஆடி அமாவாசை அன்று சாயங்காலம் 6.30 மணிக்குப் பேர் வாசிக்கத் தொடங்குவோம். உங்கள் பேரை வாசிக்க உங்கள் வீட்டு ஆளே வந்து நின்றால் நல்லது. வர முடியாவிட்டால் நாங்கள் வாசிக்கிறோம். பிறகு அன்னதானம் உண்டு, பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.

ஐயா இப்போதே ஒரு பேர் கொடுத்துவிட்டார். அவர் அப்பா பேர். கொலையில் செத்தவர் இல்லை, வயசாகித்தான் செத்தார். ஆனாலும் அந்தப் பன்னிரண்டு வருஷமும் முள்ளுக்கம்பிக்குள் இருந்தவர் என்று சொல்லி எழுதச் சொன்னார். எழுதிவிட்டோம்.